லைன் ஸ்லோவா, சர்வர் ஸ்லோவா?

ஒரகடம் சிப்காட்டில் ஒரு பொருள் ஆலையின் கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் முதலில் அதற்கான காகிதம் தயாராக வேண்டும். ரெனோ-நிஸான் 2010-இலும், பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டெய்ம்லர் 2012-இலும், ராயல் என்ஃபீல்டு 2013-இலும் இங்கே ஆலை திறந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் கொடுக்கும் ஆலைகள் சுற்றிலும் வந்து சேர்ந்தன. வாகன ஆலைகள் சரக்கை நாட்கணக்கில் குவித்து வைப்பதில்லை. அசெம்பிளி லைன் கேட்கும் நேரத்துக்குப் பாகம் போய்ச் சேர வேண்டும். லாரியில் பெட்டிகள் எல்லாம் ஏறிவிட்டாலும், டிஸ்பாட்ச் மேசையில் இன்வாய்ஸும் ஈ-வே பில்லும் பிரிண்ட் ஆகும்வரை டிரைவர் வண்டியை எடுக்க முடியாது.

அந்த மேசையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. கணக்கு மென்பொருள் அதில் இல்லை. அது சென்னையிலோ மும்பையிலோ ஏதோ ஒரு டேட்டா சென்டரில், ஒரே இயந்திரத்தைப் பல பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்த மெய்நிகர் சர்வரில் ஓடுகிறது. மேசையில் தெரிவது அதன் திரையின் படம் மட்டுமே. இதைத்தான் ரிமோட் டெஸ்க்டாப் என்கிறோம். ஒழுங்காக ஓடும் நாளில் மென்பொருள் எங்கே இருக்கிறது என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மற்ற நாட்களில், எண்ணைத் தட்டினால் அரை வினாடி கழித்துத் திரையில் விழுகிறது. மெனுவைக் கிளிக் செய்தால் விரிய மறுக்கிறது. "ஸ்டக் ஆகுது சார்" என்று போன் போகிறது. இணைய இணைப்பு கொடுத்தவர், "லைன் நல்லா இருக்கு, சர்வரைப் பாருங்க" என்பார். சர்வர் கொடுத்தவர், "சர்வர் நல்லா இருக்கு, லைனைப் பாருங்க" என்பார். அவரவர் பார்த்த அளவில் இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். கடைசியில் முதலாளி 50 எம்பிபிஎஸ் இணைப்பை 200 ஆக்குவார். மறுநாளும் ஸ்டக் ஆகும்.

ஏன் என்பதற்கு ஒரு எழுத்தின் பயணத்தைப் பின்தொடர வேண்டும். விசையைத் தட்டியதும், 'இந்த விசை அழுத்தப்பட்டது' என்ற சிறு செய்தி சர்வருக்குப் போகிறது. அங்குள்ள விண்டோஸ் அதைக் கணக்கு மென்பொருளிடம் கொடுக்கிறது. மென்பொருள் தன் திரையில் எழுத்தை வரைகிறது. திரையில் எந்தப் பகுதி மாறியது என்று பார்த்து, அந்தத் துண்டை மட்டும் சுருக்கி, சர்வர் திருப்பி அனுப்புகிறது. இங்குள்ள கம்ப்யூட்டர் அதை விரித்துக் காட்டுகிறது. நாம் தட்டிய எழுத்தை நம் கம்ப்யூட்டர் தானாக வரைவதே இல்லை. இதற்கு ஒரு விலக்கு, மவுஸ் அம்பு. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் அம்பின் நகர்வை மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரே வரைந்துவிடுகிறது. இதிலிருந்து செலவில்லாத ஒரு சோதனை கிடைக்கிறது: அம்பு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, கிளிக்குக்கு மட்டும் பதில் தாமதம் என்றால் கோளாறு வெளியே எங்கோ இருக்கிறது. அம்பே திக்கித் திக்கி நகர்ந்தால் லைனையும் சர்வரையும் திட்ட வேண்டாம். முன்னால் இருக்கும் பெட்டியைப் பாருங்கள்.

இந்தப் பயணத்தில் போய்வரும் தரவு மிகக் குறைவு. போவது சில பத்து பைட்; வருவது பெரும்பாலும் சில கிலோபைட். எம்பிபிஎஸ் என்பது ஒரு வினாடியில் எவ்வளவு தரவு கடக்க முடியும் என்ற கணக்கு. ஒரு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேறு கணக்கு. முதலாவதை நான்கு மடங்காக்கினாலும் இரண்டாவது அசையாமல் அப்படியே நிற்கலாம். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு முக்கியம் இரண்டாவதுதான். பில்லில் அச்சாவதோ முதலாவது மட்டும்.

படத்தை வரவழைப்பதற்குப் பதிலாக மென்பொருளை ஒரகடத்தில் வைத்துக்கொண்டு தரவுக் கோப்பை மட்டும் மும்பையிலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு லெட்ஜரைத் திறக்கக் கணக்கு மென்பொருள் கோப்பை நூற்றுக்கணக்கான தடவை சிறிது சிறிதாகப் படிக்கும். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். 500 தடவை, தடவைக்கு 30 மில்லிவினாடி என்று வைத்தால் 15 வினாடி போய்விடும். மென்பொருளைத் தரவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துப் படத்தை மட்டும் அனுப்பினால், தூரத்தின் விலையை ஒருமுறை கொடுத்தால் போதும். இந்த யோசனை புதிதல்ல. 1984-இல் எம்ஐடியில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் உருவாக்கிய எக்ஸ் விண்டோ, எங்கோ ஓடும் நிரலின் சாளரத்தை வேறொரு கம்ப்யூட்டரின் திரையில் காட்டியது. மைக்ரோசாஃப்ட் 1998-இல் விண்டோஸ் என்டி 4.0-வின் டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது. இன்று ஒரகடத்து மேசைகளில் ஓடும் ஆர்டிபி என்ற ரிமோட் டெஸ்க்டாப் நெறிமுறை அந்த வழியில் வந்தது. கெட்டிஸ் என்ற பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

எவ்வளவு தாமதத்தை மனிதர் பொறுத்துக்கொள்வார்? ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் மில்லர் 1968-இலேயே இதை அலசினார். விசையைத் தட்டுவதற்கும் அதன் விளைவு தெரிவதற்கும் இடையே பத்தில் ஒரு வினாடிக்கு மேல் போகக்கூடாது என்பது அவர் வைத்த எல்லை. அதற்குள் முடிந்தால், தன் கை செய்ததாகவே தோன்றும். தாண்டினால், இன்னொருவரிடம் சொல்லிச் செய்விப்பது போலத் தோன்றும். ஆக நம் கையில் 100 மில்லிவினாடி இருக்கிறது. அதை யார் யார் தின்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதல் பங்கு தூரத்துக்கு. இதில் பேரம் பேச இடமில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரகடத்திலிருந்து அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ இருக்கும் டேட்டா சென்டருக்குப் போய்வர ஒளிக்கு ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. மும்பை நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்வரக் குறைந்தது 10 மில்லிவினாடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் கருவிகள் நிற்கின்றன. எனவே நடைமுறையில் 20 முதல் 30 வரை ஆகும். 2002-இல் இயங்கத் தொடங்கிய ஐ2ஐ கடலடிக் கேபிள் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் சுமார் 3,200 கிலோமீட்டர் ஓடுகிறது, போய்வர 32. ஃபிராங்க்ஃபர்ட் நேர்கோட்டில் சுமார் 7,600 கிலோமீட்டர், போய்வர 76. ஆனால் ஐரோப்பாவுக்குக் கேபிள்கள் அரபிக்கடல், செங்கடல், எகிப்து என்று சுற்றிப் போவதால் 130-க்கு மேல்தான் கிடைக்கும். தலைமையகம் ஜெர்மனியில், சர்வரும் ஜெர்மனியில் என்றால் மில்லரின் எல்லையை முதல் அடியிலேயே தாண்டிவிடுகிறோம். எந்த செட்டிங்கை மாற்றியும் அது திரும்ப வராது. சர்வரை இந்தியாவுக்கு மாற்றுவதே வழி, அதற்கு இப்போது தடையில்லை: மைக்ரோசாஃப்ட் அஷூர் 2015-இல் புனே, சென்னை, மும்பையிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும் சர்வர் மையங்களைத் திறந்தன.

தூரம் திடீரென்று கூடுவதும் உண்டு. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, தன் கடலடிக் கேபிள் ஒன்று பாதிக்கப்பட்டதால் இணையம் மெதுவாக இருக்கும் என்று ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது, அந்த வழியாகப் போகும் அஷூர் போக்குவரத்தில் தாமதம் கூடும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இணைப்பு அறுபடவில்லை, மாற்று வழி நீளமாக இருந்தது, அவ்வளவுதான். உள்நாட்டிலும் இப்படி நடக்கும். ஒரகடத்து நிறுவனமும் சென்னை சர்வரும் இரு வேறு இணையச் சேவையாளர்களிடம் இருந்து, அவ்விருவரும் சென்னையில் ஒருவரோடொருவர் இணையாவிட்டால், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டிய செய்தி மும்பைக்குப் போய்த் திரும்பும். உள்நாட்டுப் போக்குவரத்து உள்நாட்டிலேயே கைமாறட்டும் என்றுதான் 2003-இல் நிக்ஸி என்ற இணைய மாற்றகம் உருவானது. செய்தி எந்த ஊர் வழியாகப் போகிறது என்று பார்க்க, வான் ஜேக்கப்சன் 1987-இல் எழுதிய ட்ரேஸ்ரூட் இன்றும் போதும்.

ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளப்பதற்கு முதல் கருவி பிங். அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் இருந்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரல் அது. முதலில் சர்வருக்கு அனுப்பத்தான் எல்லோருக்கும் கை போகும். நான் முதலில் ரவுட்டருக்கு அனுப்பச் சொல்வேன். உங்கள் ரவுட்டரே 1 மில்லிவினாடியில் பதில் சொல்லாமல் 40, 3, 120 என்று தடுமாறினால் கோளாறு காம்பவுண்டுக்குள் இருக்கிறது. ஆலைத் தளத்தில் அது பெரும்பாலும் வைஃபை: இரும்பு ரேக்குகள் அலையைத் திருப்பியடிக்கின்றன, இடையில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது, பக்கத்து ஷெட்டின் வைஃபையும் அதே சேனலில் பேசுகிறது. டிஸ்பாட்ச் மேசைக்கு ஒரு கேபிள் இழுத்துவிட்டால் பல வழக்குகள் அத்தோடு முடிந்துவிடும்.

ரவுட்டர் சரி, சர்வருக்குப் போகும் பிங்கும் காலையில் 25. ஆனால் மதியம் 700. இரவு மறுபடி 25. இப்படிப்பட்ட லைனை இணையச் சேவையாளர் வந்து சோதித்தால் வேகம் முழுசாக வரும். 2010-இல் கெட்டிஸுக்கு வீட்டிலேயே இந்தப் புதிர் வந்தது. பெரிய கோப்பை அனுப்பிக்கொண்டிருக்கும்போதெல்லாம் பிங் ஒரு வினாடிக்கு மேல் ஏறியது. திரையை வலைவழியாக அனுப்பக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவரே, அந்தத் திரை ஏன் உறைகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. விடை ரவுட்டரின் நினைவகத்தில் இருந்தது. நினைவகம் மலிவானதும், ஒரு பாக்கெட்டும் (வலையில் போகும் தரவுத் துண்டு) தவறக்கூடாது என்று கருவிகளில் தாராளமாக இடம் வைத்தார்கள். அந்தத் துண்டுகளை அனுப்பும் டிசிபி நெறிமுறையோ, பாக்கெட் தவறினால்தான் வழி நெரிசலாகிவிட்டது என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். தவறவே விடாத கருவிக்கு முன்னால் அது நெரிசலை உணராமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். வரிசை வளர்ந்துகொண்டே போகும். ஸ்ரீபெரும்புதூர்-சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது பின்னால் மாட்டிக்கொண்ட ஷிஃப்ட் வேனின் கதிதான் விசைத் தட்டலுக்கு. வேன் சிறியது, அவசரமானது. முன்னால் நிற்பவை நகர்ந்தால்தான் அதற்கு வழி.

கணக்கு எளிது. அப்லோடு வேகம் 8 எம்பிபிஎஸ். சேவையாளரின் கருவியில் 1 மெகாபைட் வரிசை நிற்கிறது. அது காலியாக ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியும் உங்கள் எழுத்து நகராது. வரிசையை நிரப்புவது யார்? கேட் கேமராக்களின் வீடியோ கிளவுடுக்கு ஏறுவது, மதிய பேக்கப், யாரோ அனுப்பும் டிராயிங் கோப்பு. அவற்றை நிறுத்திவிட்டுப் பிங்கைப் பாருங்கள், மீண்டும் ஓடவிட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் குற்றவாளி தெரிந்துவிடும். மருந்து கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும்: ரவுட்டரில் அப்லோடு வேகத்தை லைனின் வேகத்தைவிடப் பத்து சதவீதம் போலக் குறைத்து வைக்க வேண்டும். அப்போது வரிசை சேவையாளரின் கருவியில் சேராமல் உங்கள் ரவுட்டரிலேயே சேரும். அதை ஒழுங்குபடுத்துவது உங்கள் கையில். கேத்லீன் நிக்கல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. 5 மில்லிவினாடிக்கு மேல் தொடர்ந்து காக்க வைத்தால் ஒன்றைத் தவறவிட்டு, அனுப்புபவருக்கு நெரிசலை உணர்த்துகிறது. ரவுட்டர் வாங்கும்போது எத்தனை ஆன்டெனா என்று எண்ணுவதைவிட இந்த வசதி உண்டா என்று கேட்பது புத்திசாலித்தனம்.

பாக்கெட்டுகள் உண்மையாகவே தவறிப்போகும் லைன்களும் உண்டு. டிசிபி வரிசை மாறாமல் கொடுப்பதாக வாக்குக் கொடுத்த நெறிமுறை. ஒன்று தொலைந்தால், அது மறுபடி வரும்வரை பின்னால் வந்துவிட்ட அனைத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். திரை உறைந்து, பிறகு நாலைந்து மாற்றங்கள் ஒன்றாக வந்து விழுந்தால் இதைச் சந்தேகிக்கலாம். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த ஆர்டிபி 8.0, படத்தை யுடிபி என்ற இன்னொரு நெறிமுறை வழியாகவும் அனுப்பக் கற்றுக்கொண்டது. பாக்கெட் தவறும் லைனை அது டிசிபியைவிட நன்றாகச் சமாளிக்கும். ஆனால் ஃபயர்வாலில் ஆர்டிபி வந்துசேரும் 3389 என்ற போர்ட்டை டிசிபிக்கு மட்டும் திறந்து வைத்தால், ஆர்டிபி ஒரு வார்த்தையும் சொல்லாமல் பழைய வழிக்கே திரும்பிவிடும். முழுத்திரையில் மேலே தெரியும் பட்டையில் சிக்னல் குறியைத் தட்டினால் யுடிபி இயங்குகிறதா என்று அதுவே சொல்லும். அதைத் தட்டிப் பார்ப்பவர்கள் அபூர்வம்.

இந்த இடத்தில் மோட்டார் பெயர் கொண்ட ஒரு பழைய கதை. 1984 ஜனவரியில் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் இருந்த ஜான் நாகிள், தொலைவிலிருந்து தட்டச்சு செய்பவர்கள் வலையை எப்படித் திணறடிக்கிறார்கள் என்று எழுதினார். 1 பைட் எழுத்தை அனுப்ப 40 பைட் முகவரித் தலைப்பு. ஆக 41 பைட். அனுப்பியதற்கு ரசீது வரும்வரை அடுத்த சிறு துண்டுகளைச் சேர்த்து வையுங்கள் என்பது அவர் தந்த விதி. அதே காலத்தில் வேறொரு குழு, ரசீதை உடனே அனுப்பாமல் கொஞ்சம் காத்திருந்து பதிலோடு சேர்த்து அனுப்பலாம் என்று இன்னொரு விதியை வைத்தது. விண்டோஸில் அந்தக் காத்திருப்பு 200 மில்லிவினாடி வரை போகும். தனித்தனியே இரண்டும் நல்ல விதிகள். சேர்ந்தால், இவர் ரசீதுக்குக் காத்திருக்க, அவர் பதிலுக்குக் காத்திருக்க, மில்லரின் எல்லை இரண்டு முறை கடந்துவிடும். தொலைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்ய உதவும் எஸ்எஸ்எச் போன்ற மென்பொருட்கள் இதனாலேயே தட்டச்சு நேரத்தில் நாகிள் விதியை அணைத்துவிடுகின்றன.

சரி, லைனில் பழுதே இல்லை. பிங் 25, நாள் முழுவதும் நிலையாக. இன்னும் ஸ்டக் ஆகிறது. இப்போது சர்வரின் முறை, இங்கேதான் மெய்நிகர் என்ற சொல் தன் வேலையைக் காட்டும். உள்ளே நுழைந்து டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் சிபியு 30 சதவீதம்தான். நிம்மதி அடைய வேண்டாம். விண்டோஸ் ஓடும் மெய்நிகர் சர்வருக்குத் தனக்குக் கிடைத்த நேரம் மட்டுமே தெரியும். நிஜ இயந்திரத்தின் சிபியுவுக்காக அக்கம்பக்கத்துச் சர்வர்களோடு வரிசையில் நின்ற நேரம் அதன் கணக்கில் சரியாக ஏறாது. அதை நிஜ இயந்திரத்தை ஆள்பவரால்தான் காட்ட முடியும். விஎம்வேரில் 'ரெடி' என்றும், லினக்ஸ் உலகில் 'ஸ்டீல்' என்றும் அந்த எண்ணுக்குப் பெயர். சர்வர் கொடுத்தவரிடம் இந்த எண்ணைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். உரையாடலின் தொனியே மாறும். டிஸ்க்கும் இப்படித்தான் பங்கு. மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குகளில் ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ஆம் தேதி, 3பி கெடு 20-ஆம் தேதி. அவற்றை ஒட்டிய நாட்களில் மட்டும் மெதுவாகும் சர்வரில், கணக்கு மென்பொருள் ஓட்டும் மற்ற குடித்தனக்காரர்களைச் சந்தேகிக்கலாம்.

பங்கு போடும் கருவியே பழுதான வழக்கும் பதிவில் இருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2012-இல் மெய்நிகர் சர்வர்களை நடத்தும் ஹைப்பர்-வியில், வரும் பாக்கெட்டுகளை எந்த மெய்நிகர் சர்வருக்கு என்று வலையட்டையே பிரித்துக் கொடுக்கும் விஎம்கியூ வசதி இருந்தது. பிராட்காமின் சில 1 ஜிகாபிட் அட்டைகளில் அது இயங்கும்போது மெய்நிகர் சர்வர்களின் வலைத்தொடர்பு படுத்துவிட்டது. அதே இயந்திரத்தின் நிஜ விண்டோஸ் மட்டும் நன்றாக ஓடியது. விஎம்கியூவை அணையுங்கள் அல்லது டிரைவரைப் புதுப்பியுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் குறிப்பு வெளியிட்டது. வேகப்படுத்த வைத்த வசதியை அணைத்ததும் வேகம் வந்தது.

பிரிண்டரை மறக்கக்கூடாது. இன்வாய்ஸ் அச்சாவது ஒரகடத்தில். அச்சு வேலை பிறப்பது சர்வரில். திரைப் படம் வரும் அதே ஆர்டிபி இணைப்பில்தான் அதுவும் இறங்குகிறது. தலைப்பில் பெரிய லோகோவை ஸ்கேன் செய்து ஒட்டியிருந்தால், ஒவ்வொரு பிரதிக்கும் அது மெகாபைட் கணக்கில் இறங்கும். திரை அதுவரை நிற்கும். லோகோவைச் சிறிதாக்கினால் போதும். தேவையில்லாத பிரிண்டர்கள், டிரைவ்கள் எல்லாவற்றையும் சர்வருக்குக் காட்டும் டிக் குறிகளையும் எடுத்துவிடலாம். டெஸ்க்டாப் பின்னணிப் படத்தை நீக்குவதைப் பலர் முதல் வைத்தியமாகச் சொல்வார்கள். இன்றைய லைன்களில் அதன் பலன் சொற்பம்.

கடைசியாக, அழைக்காமல் வருகிற கூட்டம். மெய்நிகர் சர்வரின் 3389-ஐ உலகத்துக்கே திறந்து வைத்தால், கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துத் தட்டும் நிரல்கள் இரவும் பகலும் வந்து மோதும். ஒவ்வொரு முயற்சிக்கும் சர்வர் நின்று பதில் சொல்ல வேண்டும். சிறிய சர்வருக்கு அதுவே பெரிய சுமை. ஈவன்ட் வியூவரின் பாதுகாப்புப் பதிவில் 4625 என்ற எண் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தால் இதுதான் காரணம். 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ் சர்வர்களுக்குள் நுழைய வழி காட்டியது. ஆகவே 3389-ஐ வெளியுலகுக்கு மூடிவிட்டு விபிஎன் வழியாக வருவதே சரி.

விபிஎன் தன் பங்குக்கு ஒரு தாமதத்தைக் கொண்டுவரும். சாதாரண வலையில் ஒரு பாக்கெட் 1,500 பைட் வரை இருக்கலாம். விபிஎன் அதைப் பூட்டி, மேலே தன் தலைப்பையும் ஒட்டுவதால் உள்ளே இடம் குறைகிறது. 'பாக்கெட் பெரிது, சிறிதாக்கு' என்று வழியில் உள்ள கருவி திருப்பிச் சொல்லும் செய்தியை ஃபயர்வால் தடுத்துவிட்டால், சிறு செய்திகள் போகும், பெரியவை காணாமல் போகும். லாகின் நடக்கும், எழுத்து விழும். பெரிய ஜன்னல் திறந்ததும் திரை நின்றுவிடும். பிங் கட்டளையில் 'துண்டாக்காதே' என்ற குறிப்போடு அளவை 1,472 என்று கொடுங்கள். தலைப்பின் 28 பைட் சேர்ந்தால் 1,500. பதில் வராவிட்டால் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 1,372-இல் பதில் வந்தால் விபிஎன்னின் எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1,400 என்று வையுங்கள்.